சூரிய மின் பூங்கா: எரிபொருளுக்குக் காசில்லை, பிறகு எதற்குச் செலவு?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதிக்கு அருகே, செங்கப்படை கிராமத்தை ஒட்டி, 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் ஒன்று 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையம் என்ற பெயர் அதற்குச் சில காலம் இருந்தது. அதானி குழுமம் கட்டிய அந்த நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது; அதில் 25 லட்சம் பேனல்கள் இருக்கின்றன; கட்டி முடிக்க ஏறத்தாழ 4,550 கோடி ரூபாய் ஆனது. பின்னர் கர்நாடகத்தின் பாவகடாவிலும் ராஜஸ்தானின் பட்லாவிலும் 2,000 மெகாவாட்டைத் தாண்டிய பூங்காக்கள் வந்து அந்தப் பெயரைப் பறித்துக்கொண்டன. ஆயினும் இந்தத் தொழிலைப் புதிதாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்குக் கமுதியே வசதியான பாடம் என்று நினைக்கிறேன். அதன் எண்கள் பெரும்பாலும் வெளியாகியிருக்கின்றன. நிலமும் நமக்குப் பழகிய நிலம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சோலார் பண்ணை என்றும் சூரிய மின் பூங்கா என்றும் இரு விதமாகவும் எழுதுகிறார்கள். முளைப்பதும் பூப்பதும் இல்லாத இடத்துக்கு இரண்டு பெயரும் பொருந்தவில்லை. நிலத்தை அளவுக்கு மீறிக் கேட்பது என்ற ஒரு குணத்தில் மட்டும் அதைப் பண்ணை என்று ஒப்புக்கொள்ளலாம்.

முதலில் பேனலைப் பார்ப்போம். சிலிக்கான் செல்லின் மீது ஒளி விழும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் விடுபட்டு ஒரே திசையில் ஓடுகின்றன, அதுவே மின்னோட்டம். சுழலும் சக்கரமோ கொதிக்கும் நீரோ இதில் இல்லை. எந்த பேனலையும் திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். இன்று சந்தையில் கிடைக்கும் பெரிய பேனலாக இருந்தால் அதில் 550 வாட் என்றோ அதற்கு மேலோ அச்சிட்டிருப்பார்கள். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில் விழ வேண்டும், செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்க வேண்டும். ராமநாதபுரத்தில் முதல் நிபந்தனை நடுப்பகலில் ஏறக்குறைய நிறைவேறிவிடும். இரண்டாவது நடக்கிற காரியமில்லை. சித்திரை மாத நண்பகலில் கண்ணாடியின் மேல் கையை வைத்தால் வைத்த வேகத்தில் எடுத்துவிடுவோம். உள்ளே செல் 60 டிகிரியைத் தொட்டிருக்கும். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் உற்பத்தி சுமார் 0.35 விழுக்காடு குறைகிறது என்று கொண்டால், 550 வாட் பேனல் அந்நேரத்தில் 483 வாட் அளவுக்கே தரும். வெயில் கூடினால் மின்சாரமும் கூடும் என்று பொதுவாக நினைக்கிறோம். பேனலுக்கு வேண்டியது ஒளி; வெப்பம் அதற்குத் தொந்தரவு.

மெகாவாட் என்ற சொல்லும் புதியவர்களை ஏமாற்றுவது. ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டு முழுவதும் இரவுபகலாக முழுத் திறனில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் கிடைக்க வேண்டும். இரவு, மேகம், காலை மாலைச் சாய்ந்த வெயில், வெப்ப இழப்பு, தூசு ஆகிய எல்லாவற்றையும் கழித்தபின் தமிழ்நாட்டில் கைக்கு வருவது தோராயமாக 16 லட்சம் யூனிட். 648 மெகாவாட்டை அதே திறனுள்ள அனல்மின் நிலையத்துக்கு ஈடாக எண்ணிக்கொண்டு செய்தி படிப்பவர் இந்த இடத்தில்தான் கணக்கைத் தவறவிடுகிறார்.

இனி கட்டுமானம். வேலை நிலத்தை அளப்பதிலும் மண்ணைச் சோதிப்பதிலும் தொடங்குகிறது. பேனல் தன் எடையால் மண்ணில் அமிழ்ந்துவிடும் என்ற கவலை யாருக்கும் இல்லை. காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும் என்பதே பொறியாளரின் கவலை. வரிசை வரிசையாகச் சாய்ந்து நிற்கும் பேனல்கள் புயற்காற்றில் பாய்மரம் போல நடந்துகொள்ளும். மழை பெய்தால் ஊறி உப்பியும் வெயில் காய்ந்தால் வெடித்தும் போகும் கரிசல் மண்ணில் கால்களை ஊன்றுவது தனிச் சிக்கல். எவ்வளவு ஆழம் ஊன்றுவது, எத்தனை கால் கான்கிரீட்டில் நிற்க வேண்டும் என்பதை அந்த மண்தான் தீர்மானிக்கிறது. கமுதியில் போடப்பட்ட அடித்தளங்கள் மட்டும் 3,80,000 என்று கட்டியவர்கள் அறிவித்தார்கள். அவற்றின் மேல் 27,000 டன் எடையுள்ள தாங்கு சட்டங்கள் ஏற்றப்பட்டன.

சட்டங்கள் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கும். எவ்வளவு சாய்வு என்பதற்கு எளிய வழிகாட்டி அந்த ஊரின் அட்சரேகைதான். கமுதி 9 டிகிரி வடக்கில் இருப்பதால் அங்கே பேனலைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்தாலே போதும். ராஜஸ்தானில் இன்னும் நிமிர்த்த வேண்டும். சாய்வு குறைந்தால் முன்வரிசையின் நிழல் பின்வரிசையில் விழாது, வரிசைகளை நெருக்கி அமைக்கலாம், நிலம் மிச்சமாகும். இதற்கும் ஒரு விலை உண்டு. படுத்திருக்கும் பேனலில் தூசு தங்கும். பெய்யும் மழையும் அதை முழுதாகக் கழுவிக்கொண்டு போகாது. இப்போது கட்டப்படும் நிலையங்கள் பலவற்றில் காலையில் கிழக்கேயும் மாலையில் மேற்கேயும் சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் சட்டங்களைப் பொருத்துகிறார்கள். உற்பத்தி கூடுகிறது, மோட்டாரும் பராமரிப்பும் கூடவே வந்து சேர்கின்றன.

பேனல்களிலிருந்து வருவது நேர்திசை மின்னோட்டம். அதை மாறுதிசை மின்னோட்டமாக மாற்ற இன்வெர்ட்டர்கள், அழுத்தத்தை உயர்த்த மின்மாற்றிகள், கடைசியில் துணைமின் நிலையம் என்று சங்கிலி நீள்கிறது. கமுதியில் 576 இன்வெர்ட்டர்களும் 154 மின்மாற்றிகளும் 6,000 கிலோமீட்டர் நீளமுள்ள கேபிள்களும் பயன்பட்டன. அங்குள்ள மின்சாரம் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தின் வழியாக மாநிலத்தின் மின்தொகுப்பில் சேர்கிறது. ஏறத்தாழ 8,500 பேர் வேலை செய்து எட்டே மாதத்தில் முடித்தார்கள். ஒரு அனல்மின் நிலையம் எழுவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் நாட்டில் இந்த வேகம் சாதாரணமானதில்லை. ஒரே வேலையை லட்சக்கணக்கான முறை செய்வதுதான் சூரிய மின் நிலையக் கட்டுமானம். ஒரு வரிசையைச் சரியாக அமைத்துவிட்டால் மற்றவை அதன் நகல்கள். ஆனால் அந்த 8,500 பேரில் மிகப் பெரும்பாலோர் வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். ஓடும் நிலையத்துக்கு வேண்டியவர்கள் காவலாளிகள், மின்பணியாளர்கள், துப்புரவு செய்பவர்கள், கட்டுப்பாட்டு அறையில் சிலர், அவ்வளவுதான். ஊருக்கு வேலை வரும் என்று மேடையில் சொல்லப்படும்போது எத்தனை மாதத்துக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

செலவுக்கு வருவோம். நிலக்கரி நிலையம் தன் ஆயுள் முழுவதும் நிலக்கரி வாங்கிக்கொண்டே இருக்கிறது. சூரிய மின் நிலையமோ 25 ஆண்டு மின்சாரத்துக்கான செலவில் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே கட்டிவிடுகிறது. வெயில் இலவசம், உண்மைதான். அந்த இலவச வெயிலைப் பிடிப்பதற்கான பாத்திரத்தை முழுப் பணம் கொடுத்து, அதுவும் பெரும்பாலும் கடன் பணம் கொடுத்து, முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். ஆகவே இந்தத் தொழிலில் எரிபொருள் விலைக்கு இணையான இடத்தில் வட்டி விகிதம் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மெகாவாட் அமைக்க 4 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அண்மை ஆண்டுகளின் நிலவரத்துக்கு இது ஓரளவு பொருந்தும். ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் விளைகிறது. அந்த 4 கோடியையும் 9 விழுக்காடு வட்டியில் கடனாக வாங்கி 25 ஆண்டுகளில் சம தவணைகளாக அடைப்பதாக இருந்தால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 41 லட்சம். யூனிட்டுக்கு 2 ரூபாய் 55 காசு. வட்டி 12 விழுக்காடு என்றால் தவணை 51 லட்சமாகி, யூனிட்டுக்கு 3 ரூபாய் 20 காசை நெருங்குகிறது. அதே பேனல், அதே வெயில், அதே நிலம்; வங்கி மட்டும் வேறு. பராமரிப்பு, நிலக் குத்தகை, காப்பீடு, லாபம் எல்லாம் இதற்கு மேல். பேனலின் உற்பத்தி ஆண்டுதோறும் அரை விழுக்காடு போலத் தேய்ந்துகொண்டு வருவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கமுதியின் 4,550 கோடியை 648 ஆல் வகுத்தால் மெகாவாட்டுக்கு 7 கோடி ரூபாய் வருகிறது. அந்நாளில் பேனல்கள் விலையும் அதிகம், திறனும் குறைவு. மொத்தத் திறனைப் பேனல் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சுமார் 260 வாட். இன்றைய பேனலில் பாதிகூட இல்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014-இல் சூரிய மின்சாரத்துக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. அதற்குச் சில ஆண்டுகளுக்குள், 2017 மே மாதம், பட்லா பூங்காவுக்கான ஏலத்தில் (குறைந்த விலை கேட்பவரே வெல்லும் ஏலம் இது) விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலம் ஒன்றில் 1 ரூபாய் 99 காசையும் தொட்டது. அதன்பின் சற்று ஏறியது. ஏறியதற்கு ஒரு காரணம், இறக்குமதி பேனல்களுக்கு 2022 ஏப்ரல் முதல் விதிக்கப்பட்ட 40 விழுக்காடு சுங்கவரி. உள்நாட்டு ஆலைகளை வளர்ப்பது அந்த வரியின் நோக்கம். திருநெல்வேலி கங்கைகொண்டானிலும் சென்னையை அடுத்த பகுதிகளிலும் எழுந்த செல், பேனல் ஆலைகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

ஏல விலையைப் பார்த்து சூரிய மின்சாரம்தான் எல்லாவற்றிலும் மலிவு என்று முடிவுகட்டிவிடுவதும் அவசரம். அந்த 2 ரூபாய் 44 காசு, வெயில் அடிக்கும் நேரத்தில் நிலையத்தின் வாசலில் கிடைக்கும் மின்சாரத்தின் விலை. வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஒன்றுசேர்ந்து ஓடும் இரவு எட்டு மணிக்கு அந்த நிலையம் தூங்கிக்கொண்டிருக்கும். அந்நேரத்துக்கு பேட்டரியோ நீர்மின்சாரமோ அனல்மின்சாரமோ வேண்டும். அந்தச் செலவு வேறு கணக்கில் ஏறுகிறது.

சுற்றுச்சூழல் பாதிப்பு என்றதும் நிலத்தை முதலில் பேச வேண்டும், ஏனெனில் மற்ற பலவும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஒரு மெகாவாட்டுக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் தேவைப்படுகிறது. விளைநிலத்தை விட்டுவிட்டுத் தரிசு நிலத்தைத்தானே எடுக்கிறார்கள் என்பது வழக்கமான பதில். தரிசு என்பது வருவாய்த் துறையின் சொல். ராமநாதபுரத்தில் அந்தச் சொல்லுக்கு அடியில் வானம் பார்த்த பூமியும் சீமைக்கருவேலங்காடும் ஆட்டு மேய்ச்சலும் இருக்கின்றன. ஒரு போகம் மழை நின்று பெய்தால் மிளகாயும் சோளமும் போடுகிற நிலம், மழை பொய்த்த ஆண்டுகளில் கருவேலம் ஏறிக் கிடக்கிறது. அந்தக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. சீமைக்கருவேலத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் வேலி போட்டவுடன், பட்டா வைத்திருப்பவர் கையில் பணம் விழுகிறது. விறகு வெட்டியவரும் ஆடு ஓட்டியவரும் எந்தக் காகிதத்திலும் இல்லாததால் வேலிக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

பாவகடாவில் நிலத்தை விலைக்கு வாங்காமல் சுமார் 13,000 ஏக்கரை விவசாயிகளிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு என்பது ஏற்பாடு. தொடர் வறட்சியில் காய்ந்த பகுதியில் நிலத்தின் உரிமையும் கையை விட்டுப் போகாமல், நிலையான வருமானமும் வந்ததால் நிலவுடைமையாளர்கள் பலர் விரும்பியே கொடுத்தார்கள். விற்பனையைவிட இது நல்ல முறை என்றே நான் கருதுகிறேன். நிலமில்லாத கூலித் தொழிலாளிக்கு மட்டும் இதிலும் பதில் இல்லை.

அடுத்தது தண்ணீர். ராமநாதபுரம் கண்மாய்களின் நாடு. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். இடையில் கண்ணுக்கு மேடு பள்ளம் தெரியாத சமதரையில் வரத்துக்கால் ஓடும். கோடையில் அதைப் பார்ப்பவருக்கு அது வெறும் பள்ளமான மண்தான். ஆயிரக்கணக்கான ஏக்கரைச் சமப்படுத்திச் சாலை போட்டுச் சுற்றுச்சுவர் எழுப்பும்போது அந்தப் பள்ளங்கள் மறைந்தால், பாதிப்பு வேலிக்குள் தெரியாது. நான்கு மைல் தள்ளி ஒரு கண்மாய் நிரம்பாமல் போகும்போதுதான் தெரியும். வரைபடத்தில் ஓடைகளைக் குறித்துவிட்டு அவற்றைச் சுற்றிப் பேனல்களை அமைப்பது பெரிய பொறியியல் சாதனை ஒன்றும் இல்லை. யாராவது கேட்டாக வேண்டும், அவ்வளவே. கேட்கும் கடமை சட்டத்தில் பலவீனமாக இருக்கிறது: 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சூரிய ஒளி மின் நிலையங்களுக்கு முன்அனுமதி தேவையில்லை. புகை வராத தொழிலுக்கு விலக்கு என்பது புரிகிறது. 2,500 ஏக்கரின் நீரோட்டத்துக்கும் சேர்த்து விலக்குக் கொடுத்தது சரியென்று எனக்குப் படவில்லை.

பேனல் கழுவும் தண்ணீரைப் பற்றிய அச்சத்தையும் எடை போட்டுப் பார்க்கலாம். ஒரு பேனலுக்கு 2 லிட்டர் என்றால் 25 லட்சம் பேனல்களை ஒருமுறை கழுவ 50 லட்சம் லிட்டர் ஆகும்; மாதம் இருமுறை கழுவினால் ஆண்டுக்கு 12 கோடி லிட்டர். இதை நூறு கோடி யூனிட் உற்பத்தியோடு வைத்துப் பார்த்தால் யூனிட்டுக்கு 120 மில்லிலிட்டர் அளவுதான். நன்னீரால் குளிரூட்டும் நிலக்கரி நிலையங்களுக்கு 2015-இல் அரசு விதித்த உச்ச வரம்பே யூனிட்டுக்கு 3.5 லிட்டர். நாட்டளவில் பார்த்தால் சூரியனுக்கே வெற்றி. ஆனால் அந்த 12 கோடி லிட்டரும் ஒரே வறண்ட வட்டாரத்தின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வருமானால், பக்கத்துக் கிராமத்தில் குடத்தோடு நிற்பவருக்கு நாட்டின் சராசரி பயன்படாது. தண்ணீரே இல்லாமல் தூரிகையால் துடைக்கும் ரோபோக்கள் இதற்காகத்தான் வந்தன. கமுதியிலும் ரோபோக்கள் பயன்படுகின்றன.

உயிரினங்களைப் பொறுத்தவரை பேனலைவிட மின்கம்பி பெரிய எதிரி. ராஜஸ்தான், குஜராத் புல்வெளிகளில் 150-க்கும் குறைவாக எஞ்சியுள்ள கானமயில், உடல் கனத்த பறவை. முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியாத கண்ணமைப்புக் கொண்டது. கம்பியைக் கண்டு விலகுவதற்குள் மோதிவிடுகிறது. அதன் வாழிடங்களில் மின்தடங்களை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஆணையிட்டது. உயர் அழுத்தத் தடங்களை அப்படிப் புதைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது, சூரிய மின் திட்டங்கள் முடங்கும் என்று அரசு வாதிட்டபின், 2024 மார்ச்சில் அந்த ஆணை தளர்த்தப்பட்டு விவகாரம் நிபுணர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. வெப்பத்தைப் பற்றியும் ஒரு சேதி உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, பேனல் வயலின் மேல் இரவு வெப்பம் பக்கத்துப் பாலைநிலத்தைவிட 3 முதல் 4 டிகிரி அதிகமாக இருந்ததைக் காட்டியது. மரஞ்செடிகளை அடியோடு அகற்றாமல் பேனலுக்குக் கீழே புல்லை விட்டுவைத்தால் இது குறைய வாய்ப்புண்டு. புல்லை ஆடு மேயும். கேபிளை ஆடு கடிக்க முடியாத உயரத்தில் கட்டிவைப்பது நிலையத்தாரின் பொறுப்பு.

இத்தனையும் சொன்னபின், எதிர்த்தட்டில் இருப்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழு 2014-இல் தொகுத்த கணக்கில், உற்பத்தி ஆலையிலிருந்து குப்பைமேடு வரை எல்லாவற்றையும் சேர்த்து, பெரிய சூரிய நிலையங்களின் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு நடுத்தரமாக 48 கிராம் கரியமில வாயு. நிலக்கரிக்கு 820 கிராம். பேனலைச் செய்யச் செலவான ஆற்றலை அந்தப் பேனல் ஓரிரு ஆண்டுகளில் திருப்பித் தந்துவிடுகிறது. சாம்பல் குளம் இல்லை, கந்தகப் புகை இல்லை, சுரங்கத்துக்காக இடிபடும் காடு குறைகிறது. லாபம் இவ்வாறு நாடு முழுவதற்கும் பரவி விழுகிறது. சுமை ஒரு தாலுகாவின் மேல் குவிந்து விழுகிறது. சுமையைக் குறைக்கும் வழிகளும் தெரியாதவை இல்லை. தூத்துக்குடியில் 2022-இல் ஓர் ஆலையின் நீர்த்தேக்கத்தின் மேல் 22 மெகாவாட் மிதக்கும் நிலையம் அமைந்தது. அதற்கு ஒரு சென்ட் விளைநிலம் தேவைப்படவில்லை. 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் குசும் திட்டத்தில் துணைமின் நிலையத்தின் அருகே 2 மெகாவாட் வரையிலான சிறு நிலையங்களை விவசாயிகளே அமைக்க இடமுண்டு. சிறியதாக இருப்பதால் யூனிட்டுக்குச் செலவு கூடும், ஒரு கண்மாயின் வரத்தை மறிக்கும் அளவுக்கு இடம் பிடிக்காது.

கடைசியாக, கழிவு. ஒரு பேனலின் எடையில் பெரும்பங்கு கண்ணாடி. சுற்றிலும் அலுமினியச் சட்டம், உள்ளே சிறிது செம்பு, மிகச் சிறிது வெள்ளி, பற்றவைப்பில் ஈயம், எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் படலம். அலுமினியத்தையும் செம்பையும் பழைய இரும்புக் கடைக்காரரே எடுத்துக்கொள்வார். படலத்தோடு ஒட்டிக்கிடக்கும் கண்ணாடியை அவர் தொடமாட்டார். பிரித்தெடுக்கும் கூலி, கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் சூரிய பேனல்களையும் சேர்த்துக்கொண்டு, உற்பத்தியாளர்கள் 2034–35 வரை கழிவைச் சேமித்து வைக்க வேண்டும் என்கின்றன. பேனலுக்கு 18 கிலோ என்று வைத்தால்கூடக் கமுதியில் நிற்பது 45,000 டன். அவற்றோடு மண்ணுக்குள் 3,80,000 அடித்தளங்களும் இருக்கின்றன. குத்தகை நிலமாக இருந்தால் அவற்றைப் பிடுங்கி நிலத்தை உழவுக்குத் திருப்பித் தருவது யார் செலவு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கமுதியின் பேனல்கள் 2041-இல் 25 வயதை எட்டும்.